சீடர் ஷிங்கிள் சுவருக்கு எந்த ஆணி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாசசூசெட்ஸ் கடலோர ஊர்களில் வீட்டின் வெளிச்சுவருக்கு சீடர் ஷிங்கிள், அதாவது சீடர் மரத்தில் அறுத்த சிறு பலகை, போடுவதுதான் என் வேலை. பாஸ்டன் பக்கம் வீடு வாங்கும் நம்மவர்கள் அடிக்கடி தொலைபேசியில் கூப்பிடுகிறார்கள். எந்த ஷிங்கிள், என்ன நிறம், எவ்வளவு நாள் உழைக்கும் என்றெல்லாம் கேட்பார்கள். ஆணியைப் பற்றி யாரும் முதலில் கேட்பதில்லை. சுவரில் கறுப்புக் கோடு இறங்கிய பிறகுதான் அந்தக் கேள்வி வருகிறது. அதனால் ஆணியைப் பற்றி மட்டும் இங்கே தனியாக எழுதுகிறேன்.

சீடர் ஷிங்கிள் என்பது எந்த மரம்? பைபிளில் வரும் கேதுருவா?

இல்லை. லீபனோனின் கேதுரு வேறு இனம். இங்கே சுவருக்குப் போவது பெரும்பாலும் தூயா என்ற இனத்து மரங்கள். பிரிட்டிஷ் கொலம்பியா, வாஷிங்டன் பக்கம் வளர்வது சிவப்பு சீடர். மெயின், கியூபெக், நியூ பிரன்சுவிக் பக்கம் வளர்வது வெள்ளை சீடர். நியூ இங்கிலாந்துக் கடற்கரை வீடுகளில் சாம்பல் நிறமாக மாறி நிற்பதெல்லாம் பெரும்பாலும் வெள்ளை சீடர்தான். நன்டக்கெட் தீவுக்குச் 'சாம்பல் சீமாட்டி' என்ற செல்லப்பெயர் வந்ததில் அங்குள்ள பனிமூட்டத்துக்கும் இந்தச் சுவர்களுக்கும் பங்கு உண்டு.

ஷிங்கிள் என்பது ஆப்பு வடிவச் சிறு பலகை. கீழ்முனை தடித்திருக்கும், மேல்முனை மெலிந்திருக்கும். ஒரு வரிசையின் மேல்பாதியை அடுத்த வரிசை மூடும். ஆணி அந்த மூடிய பகுதிக்குள் ஒளிந்துகொள்ளும். வெளியே தெரியாத பொருளில் கொஞ்சம் காசு மிச்சம் பிடிக்கலாமே என்ற எண்ணம் அங்கேதான் பிறக்கிறது.

சாதாரண இரும்பு ஆணி அடித்தால் என்ன ஆகும்?

இரும்புச் சட்டியில் நெல்லிக்காய்ப் பொடியை ஊறவைத்துத் தலைக்குப் போட்ட பாட்டி வீட்டில் இருந்தால் இதை விளக்கவே வேண்டாம். இரவு ஊறவைத்தது காலையில் கருகருவென்று இருக்கும். நெல்லிக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து செய்யும் கறுப்பு அது. கடுக்காயில் மை காய்ச்சியதும் இதே முறையில்தான். சீடர் மரத்திலும் அந்தத் துவர்ப்புச் சத்து, அதாவது டானின், நிறைய உண்டு. போதாக்குறைக்கு மரம் கொஞ்சம் புளிப்பு, அதாவது அமிலத்தன்மை உள்ளது. மழை பெய்து மரம் நனைந்ததும் இந்தச் சத்துகள் நீரில் கரைந்து ஆணியைத் தொடுகின்றன. ஆணியில் இரும்பு எங்கே வெளியே தெரிகிறதோ அங்கே நீலம் கலந்த கறுப்பு உண்டாகி, மரநார் வழியாகக் கீழே இறங்குகிறது. கண்ணில் மை வழிந்த மாதிரி இருக்கும்.

கறை அழகைக் கெடுப்பது ஒரு பக்கம். அதே நேரத்தில் உள்ளே ஆணி அரிக்கப்படுகிறது. சீடர் பூச்சிக்கும் பூஞ்சைக்கும் எளிதில் மசியாது. அதற்குக் காரணமான சத்துகளேதான் இரும்பைத் தின்பதும். நல்ல ஷிங்கிள் சுவர் முப்பது நாற்பது வருடம் நிற்கும். மட்டமான ஆணிக்கு அதில் பாதி ஆயுள்கூட இல்லை. பழைய வீடுகளில் ஷிங்கிளைப் பிடித்து மெதுவாக இழுத்தால் கையோடு வந்துவிடும். மரம் நன்றாக இருக்கும், பின்னால் ஆணித் தண்டு ஊசி மாதிரி மெலிந்து ஒடிந்திருக்கும். நல்ல மரத்தை ஆணிக்காகக் குப்பைவண்டியில் ஏற்றுவது எனக்கு எப்போதும் வயிற்றெரிச்சலான காரியம்.

பெட்டியில் 'கால்வனைஸ்டு' என்று போட்டிருக்கிறதே, அது போதாதா?

எந்த வகைக் கால்வனைஸ், அதாவது துத்தநாக முலாம், என்பதைப் பொறுத்தது. ஏமாறுகிறவர்கள் பெரும்பாலும் இந்த ஒரு சொல்லில்தான் ஏமாறுகிறார்கள்.

மின்முலாம் பூசியது ஒன்று. மின்சாரம் செலுத்தி ஆணியின்மேல் மிக மெல்லிய துத்தநாகப் படலம் ஏற்றுவது. பளபளவென்று, வழவழவென்று இருக்கும். கூரைத்தாள் ஆணியில் பெரும்பகுதி இது. சீடருக்கு ஆகவே ஆகாது. கடலோரத்தில் முதல் குளிர்காலம் முடிவதற்குள் கோடு இறங்கிவிடும்.

மற்றது, உருகிய துத்தநாகத்தில் ஆணியை முக்கி எடுப்பது. மங்கலான சாம்பல் நிறம், தொட்டால் சொரசொரப்பு, சில ஆணிகளில் துத்தநாகம் கட்டியாக ஒட்டியிருக்கும். பார்க்க அசிங்கமாக இருப்பதுதான் இதில் நல்ல அடையாளம். பெட்டியில் ஏ.எஸ்.டி.எம். ஏ153, டி வகுப்பு என்ற தரக்குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். சதுர அடிக்கு ஒரு அவுன்ஸ் துத்தநாகம் என்ற கணக்கு அது. தடிமன் ஏறக்குறைய 43 மைக்ரான். கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊரில், சாயமோ பெயின்டோ அடிக்கப்போகும் சுவருக்கு இது ஏற்கத்தக்கது.

ஆனால் ஒரு குறை சொல்லியாக வேண்டும். சுத்தியல் விழும் இடம் ஆணித் தலை. முலாம் முதலில் உரிவதும் அங்கேதான். சாயமில்லாமல் இயற்கையாகச் சாம்பலாக விடப்போகும் சுவருக்கு நான் இதையும் போடுவதில்லை. அங்கே ஸ்டெயின்லெஸ், அதாவது எவர்சில்வர், ஆணிதான்.

ஸ்டெயின்லெஸ் என்றால் எந்த எண்? 304-ஆ, 316-ஆ?

304 என்பது நம் வீட்டு நல்ல எவர்சில்வர் பாத்திரத்தின் அடியில் 18/8 என்று குத்தியிருக்குமே, அந்தக் குடும்பம். குரோமியம் சுமார் 18 விழுக்காடு, நிக்கல் சுமார் 8. உள்நாட்டில் இருக்கும் வீட்டுக்கு இது தாராளம்.

316-இல் கூடுதலாக 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் சேர்த்திருப்பார்கள். உப்புக்காற்று ஸ்டெயின்லெஸ்ஸைப் பொட்டுப்பொட்டாகக் குழி விழ வைக்கும். அதைத் தாங்குவதற்குத்தான் இந்தச் சேர்க்கை. சீடர் ஷேக் அண்ட் ஷிங்கிள் பீரோ என்ற தயாரிப்பாளர் சங்கம், உப்புநீரிலிருந்து 15 மைலுக்குள், அதாவது 24 கிலோமீட்டருக்குள் உள்ள வீடுகளுக்கு 316 போடச் சொல்கிறது. மாசசூசெட்ஸின் கேப் காட் தீபகற்பம் முழுவதுமே அந்த வட்டத்துக்குள் வந்துவிடும். பாஸ்டன் நகரமும் வரும். "எங்கள் வீட்டிலிருந்து கடல் தெரியவே தெரியாதே" என்று சொல்கிறவர்கள் ஒருமுறை வரைபடத்தில் அளந்து பார்த்துவிடுங்கள். துறைமுகமும் கழிமுகமும் உப்புநீர்தான்.

ஸ்டெயின்லெஸ் என்று வாங்கிய ஆணி காந்தத்தில் லேசாக ஒட்டுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

லேசாக ஒட்டினால் பயப்பட வேண்டாம். 304 இயல்பாகக் காந்தத்தில் ஒட்டாது. ஆனால் கம்பியாக இழுத்து, நசுக்கித் தலை செய்யும்போது உள்ளமைப்பு கொஞ்சம் மாறி, சற்றே காந்த ஈர்ப்பு வந்துவிடும். 316-இல் இது இன்னும் குறைவு. சாதாரண இரும்பு ஆணி போலப் 'டக்'கென்று பாய்ந்து ஒட்டினால்தான் சந்தேகப்பட வேண்டும். 410 என்றொரு ஸ்டெயின்லெஸ் உண்டு. அது நன்றாக ஒட்டும், வெளிச்சுவரில் துருவும் பிடிக்கும். ஷிங்கிளுக்கு வேண்டாம். காந்தத்தை நம்புவதைவிடப் பெட்டியில் அச்சிட்ட எண்ணை நம்புங்கள். எண்ணே போடாமல் வெறும் 'ஸ்டெயின்லெஸ்' என்று மட்டும் எழுதியிருந்தால் அந்தப் பெட்டியை விட்டுவிடுங்கள்.

அலுமினியம், செம்பு?

அலுமினியம் கறை விடாது. ஆனால் மெத்தென்று இருக்கும், பழைய காய்ந்த பலகையில் அடித்தால் வளைந்துவிடும். செம்பு ஆணியை சீடருக்கு நான் போடமாட்டேன். மரத்தின் சத்தோடு அதுவும் வினைபுரியும். ஜன்னல் மேலே செம்புத் தகடு மடித்திருக்கிற வீட்டில் இன்னொன்றையும் கவனியுங்கள். செம்பைத் தொட்டு வழியும் மழைநீர், கீழே இருக்கும் துத்தநாக முலாமைச் சீக்கிரம் தின்றுவிடும். அந்த இடத்தில் ஸ்டெயின்லெஸ் தவிர வேறு வழியில்லை.

ஆணி எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்?

16 அங்குல ஷிங்கிளுக்கும் 18 அங்குல ஷிங்கிளுக்கும் ஒன்றேகால் அங்குலம், 24 அங்குலத்துக்கு ஒன்றரை அங்குலம் என்பது வழக்கமான வாய்ப்பாடு. கடையில் இவற்றை 3டி, 4டி என்பார்கள். ஆனால் வாய்ப்பாட்டை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் சுவரில் ஆணி எதையெல்லாம் கடந்து போகிறது என்று ஒரு தாளில் போட்டுப் பாருங்கள்.

இங்கே சாதாரணமாகக் காணும் ஒரு சுவர்: 16 அங்குல வெள்ளை சீடர், வெளியே தெரிவது 5 அங்குலம். ஐந்து ஷிங்கிளின் அடிமுனைகளை அடுக்கினால் 2 அங்குலம் வரும், ஆக ஒன்றின் தடிமன் அடியில் 0.4 அங்குலம். ஆணி போகும் இடம் அடியிலிருந்து 6 அங்குலம் மேலே. அங்கே மேல் ஷிங்கிள் கால் அங்குலத்துக்குச் சற்று அதிகம். அதன் பின்னால் கீழ்வரிசை ஷிங்கிளின் மெலிந்த பகுதி, அதற்கும் பின்னால் இன்னொன்றின் நுனி. எல்லாம் சேர்த்தால் மரம் மட்டுமே அரை அங்குலம். ஒன்றேகால் ஆணியில் மிச்சம் முக்கால் அங்குலம். ஷிங்கிளுக்குப் பின்னால் காற்றோட்ட வலை விரித்திருந்தால் அதற்குக் கால் அங்குலம் போய்விடும். கையில் நிற்பது அரை அங்குலம்.

அமெரிக்க வீட்டுக் கட்டட விதிப்படி ஆணி பின்பலகைக்குள், அதாவது ஷிங்கிளுக்குப் பின்னால் சுவரில் அடித்திருக்கும் பலகைக்குள், குறைந்தது அரை அங்குலம் போக வேண்டும். நான் முக்கால் அங்குலம் பார்ப்பேன், அல்லது பலகையை முழுதாகத் துளைத்து நுனி அந்தப் பக்கம் எட்டிப்பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் மேலே சொன்ன சுவரில், வலை இருக்கும் வீட்டுக்கு, ஒன்றேகால் ஆணி விளிம்பில் நிற்கிறது. ஒன்றரை வாங்கிவிடுங்கள். காற்றோட்ட வலை பரவலாக வந்த பிறகும் பழைய நீளத்திலேயே ஆணி வாங்குவதை நிறைய இடங்களில் பார்க்கிறேன்.

நீளம் கூடினாலும் தொல்லை உண்டு. கார் கொட்டகை மாதிரி உள்சுவர் மூடாத இடங்களில் நுனிகள் உள்ளே நீட்டிக்கொண்டு நிற்கும், குழந்தைகள் கை வைக்கும் உயரத்தில்.

தண்டு, தலை, நுனி இவற்றில் கவனிக்க என்ன இருக்கிறது?

முக்கியமானது தண்டு. முக்கியெடுத்த துத்தநாக ஆணி சொரசொரப்பாக இருப்பதால் மரத்தை நன்றாகக் கவ்வும். ஸ்டெயின்லெஸ் வழுக்கும். வெயிலும் மழையும் மாறி மாறி வர, மரம் உப்பி, சுருங்கி, வழவழப்பான ஆணியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளும். ஆகையால் ஸ்டெயின்லெஸ் வாங்கினால் தண்டில் வளையம் வளையமாக வெட்டு விழுந்ததை வாங்குங்கள். தண்டு மெல்லியதாக, 14 அல்லது 14½ கேஜ் அளவில் இருந்தால் ஷிங்கிள் பிளக்காது. நுனி ஊசியாக இல்லாமல் சற்று மழுங்கியிருப்பதும் நல்லதுதான். ஊசிநுனி நாரை விலக்கிப் பிளக்கும், மழுங்கிய நுனி நாரை நசுக்கி வழி பண்ணிக்கொள்ளும். மெல்லிய பலகை பிளக்காமல் இருக்க ஆணி நுனியைச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடிக்கும் தச்சர்களைப் பார்த்திருப்பீர்கள். காரணம் இதுவே.

ஒரு ஷிங்கிளுக்கு எத்தனை ஆணி? எங்கே?

இரண்டு. ஓரங்களிலிருந்து முக்கால் அங்குலம் உள்ளே, மேல்வரிசையின் அடி வந்து உட்காரும் கோட்டுக்கு ஒரு அங்குலம் மேலே.

இந்த ஒரு அங்குலத்தில் நிறையப் பேர் தவறுகிறார்கள். ஆணி வெளியே தெரிந்துவிடுமோ என்று பயந்து மூன்று நான்கு அங்குலம் மேலே ஏற்றி அடித்துவிடுவார்கள். அப்போது ஷிங்கிளின் கீழ்ப்பகுதிக்குப் பிடிமானம் இல்லை. முதல் கோடையிலேயே அடிவிளிம்பு வெளியே வளைந்து நிற்கும். கோட்டுக்கு அருகில் அடித்தால், அந்த ஆணி கீழ்வரிசையின் மேல்பகுதியையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது.

பக்கவாட்டில் முக்கால் அங்குலம் என்பதற்கும் காரணம் உண்டு. ஒரு வரிசையின் இணைப்பும் அடுத்த வரிசையின் இணைப்பும் குறைந்தது ஒன்றரை அங்குலம் விலகியிருக்க வேண்டும் என்பது விதி. ஆணி ஓரத்தோடு இருந்தால் மேலே உள்ள இணைப்பு வழியாக இறங்கும் நீர் ஆணித் தலையில் விழாது. நடுவில் ஒன்று கூடுதலாக அடித்தால் உறுதி என்று நினைத்து அடித்துவிடாதீர்கள். மேல்வரிசை இணைப்பு நேராக அதன்மேல் வந்து உட்காரும்.

அகலமான ஷிங்கிள் வந்தால்?

10 அங்குலத்தைத் தாண்டினால் நடுவில், ஒன்றுக்கொன்று ஒரு அங்குல இடைவெளியில், இன்னும் இரண்டு ஆணி அடிக்கச் சொல்கிறது தயாரிப்பாளர் சங்கம். நான் செய்வது வேறு. கத்தியால் நடுவே கீறி இரண்டாகப் பிளந்து, இரண்டு ஷிங்கிளாகவே போட்டுவிடுவேன். அகலமானது எப்படியும் ஒருநாள் பிளக்கும். அது தன்னிஷ்டத்துக்கு, மேல்கீழ் இணைப்புக்கு நேராகப் பிளப்பதைவிட நாம் விரும்பிய இடத்தில் பிளந்துவிடுவது நல்லது.

எவ்வளவு ஆழம் அடிக்க வேண்டும்?

தலை மரத்தின் மேல்மட்டத்தோடு மட்டமாக வந்து நிற்க வேண்டும். அதோடு நிறுத்திவிடுங்கள். கொஞ்சம் உள்ளே போனாலும் தப்பு.

சரியான ஆணியை வாங்கி, அதைத் தப்பாக அடித்துக் கெடுத்த சுவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், இந்த வேலைக்கு வந்த முதல் வருடத்தில் நானே அடித்த சுவர் உட்பட. ஆணி அடிக்கும் காற்றுத் துப்பாக்கியில் வேலை வேகமாகப் போனது, அழுத்தத்தைச் சரிபார்க்கவே இல்லை. தலைகள் எல்லாம் எட்டில் ஒரு பங்கு அங்குலம் உள்ளே இறங்கி, சுற்றிலும் நார் அறுந்திருந்தது. சீடர் அவ்வளவு மெத்தென்ற மரம். தலை உள்ளே புதைந்தால் அதன் கீழே மிஞ்சியிருக்கும் மெல்லிய மரம்தான் முழு ஷிங்கிளையும் பிடிக்க வேண்டும். பலமான வடகிழக்குப் புயல் ஒன்று வந்தபோது அந்தச் சுவரில் ஒரு பக்கம் முழுவதும் படபடவென்று அடித்துக்கொண்டு, காலையில் பதினேழு ஷிங்கிள் புல்தரையில் கிடந்தன. ஆணிகள் அத்தனையும் சுவரிலேயே இருந்தன. ஷிங்கிள் அவற்றின் தலையை விட்டு உருவிக்கொண்டு போயிருந்தது. அந்த வீட்டுக்காரருக்கு என் செலவில் மறுபடி போட்டுக் கொடுத்தேன்.

இப்போது காலையில் முதல் வேலையாக ஒரு உதிரி ஷிங்கிளில் பத்து ஆணி அடித்துப் பார்ப்பேன். குறைந்த அழுத்தத்தில் தொடங்கி, தலை மட்டமாக நிற்கும் வரை ஏற்றுவேன். வெயில் ஏறி மரம் காய்ந்தால் மறுபடி பார்ப்பேன். ஒன்றிரண்டு ஆணி சற்றே வெளியே நின்றால் பரவாயில்லை, சுத்தியலால் ஒரு தட்டு போதும். உள்ளே போனதை வெளியே கொண்டுவர வழியில்லை. அதன் பக்கத்திலேயே சரியாக இன்னொன்று அடிக்க வேண்டியதுதான்.

ஸ்டேப்பிள் போடலாமா?

போடலாம். ஏளனமாகப் பார்க்க வேண்டியதில்லை. சரியான ஸ்டெயின்லெஸ் ஸ்டேப்பிள் நல்ல பிடிமானம் தரும். முதுகு, அதாவது இரண்டு காலையும் இணைக்கும் மேல்பகுதி, குறைந்தது 7/16 அங்குல அகலம், கம்பி 16 கேஜ், ஆணிக்குச் சொன்ன அதே இடங்களில் ஷிங்கிளுக்கு இரண்டு. முதுகு கிடைமட்டமாக, அதாவது நாருக்குக் குறுக்காக உட்கார வேண்டும். செங்குத்தாக அடித்தால் இரண்டு காலும் ஒரே நார்க்கோட்டில் இறங்கி ஷிங்கிளைப் பிளந்துவிடும், பிடிக்க நாரும் இருக்காது. சாரத்தில் ஒரு ஓரமாகச் சாய்ந்து நின்று அடிக்கும்போது துப்பாக்கி தானாகத் திரும்பிவிடும். கவனம் தேவை.

ஆழத்தில் ஸ்டேப்பிள் ஆணியைவிட மோசம். முதுகு மெல்லியது என்பதால் கத்தி மாதிரி உள்ளே இறங்கும். உங்கள் வீட்டில் யாராவது ஸ்டேப்பிள் அடிக்கிறார்கள் என்றால், அடுத்த வரிசை மூடுவதற்கு முன் கிட்டே போய் முதுகைப் பாருங்கள். அது மரத்தின்மேல் படுத்திருக்க வேண்டும்.

வெளியே தெரியும் இடத்தில் ஆணி அடிக்கவேண்டி வந்தால்?

ஜன்னலுக்குக் கீழே கடைசி வரிசை, கூரையடி, சில மூலைகள். அங்கெல்லாம் ஒளிக்க முடியாது. எந்த வீட்டிலும் ஐம்பது நூறு ஆணி இப்படி வெளியே நிற்கும். மற்ற சுவரில் என்ன போட்டிருந்தாலும் இந்த ஐம்பது நூறு ஸ்டெயின்லெஸ்ஸாக இருக்கட்டும். தலை சிறியதாக வாங்குங்கள். ஓரத்துக்கு மிக அருகில் அடிக்க நேர்ந்தால் முதலில் மெல்லிய துளை போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டடுக்காகப் போடும் முறையில் மேலடுக்கின் எல்லா ஆணியும் வெளியேதான் இருக்கும். அடிவிளிம்பிலிருந்து 2 அங்குலம் மேலே, 5டி அளவு, அதாவது ஒன்றேமுக்கால் அங்குல நீளத்தில் சிறுதலை ஆணி.

சுவரில் நுரைப்பலகை ஒட்டியிருக்கிறது. அதன்மேல் அடிக்கலாமா?

கூடாது. நுரைக்கும் ஜிப்சம் பலகைக்கும் ஆணியைப் பிடிக்கும் சக்தி இல்லை. நுரையின்மேல் மரச்சட்டங்களைக் கிடைமட்டமாக, ஷிங்கிள் வரிசைக்கு ஒன்றாக, நீளமான திருகாணியால் உள்ளே இருக்கும் மரத்தூண்களில் பூட்டி, அந்தச் சட்டத்தில் ஷிங்கிளை அடிக்க வேண்டும். சட்டத்தின் இடைவெளியை ஆணிக்கோட்டை வைத்துக் கணக்கிடுங்கள். அடிவிளிம்பை வைத்துக் கணக்கிட்டால் ஆணி சட்டத்தின் ஓரத்தில் போய் விழும்.

தீத்தடுப்பு மருந்து ஏற்றிய ஷிங்கிள் வாங்குகிறோம். ஏதாவது மாறுமா?

ஸ்டெயின்லெஸ் மட்டும்தான், 304 அல்லது 316. மருந்தில் உள்ள உப்புகளுக்குத் துத்தநாகம் தாங்காது. அலுமினியமும் வேண்டாம்.

ஸ்டெயின்லெஸ் விலையைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறதே?

பெட்டி விலையைப் பார்த்தால் மலைப்புதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 சதுர அடிச் சுவர், 5 அங்குலம் வெளியே தெரிகிறது, ஷிங்கிளின் சராசரி அகலம் 6 அங்குலம் என்று வையுங்கள். ஒரு ஷிங்கிள் மூடுவது 30 சதுர அங்குலம். 14,400-ஐ 30-ஆல் வகுத்தால் 480 ஷிங்கிள், 960 ஆணி. கீழே விழுவது, வளைவது சேர்த்து ஆயிரம் என்று வையுங்கள். அந்த ஆயிரத்துக்கு முக்கியெடுத்த ஆணிக்கும் ஸ்டெயின்லெஸ்ஸுக்கும் உள்ள விலை வித்தியாசத்தை எடுத்து, அதே 100 சதுர அடிக்கு ஷிங்கிளுக்கும் கூலிக்கும் நீங்கள் கொடுக்கப்போகும் தொகைக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். காசு நெருக்கடி என்றால் ஷிங்கிளின் தரத்தில் ஒரு படி இறங்குங்கள், அல்லது கண்ணில் படாத பின்சுவரை அடுத்த வருடத்துக்குத் தள்ளுங்கள். ஆணியில் இறங்காதீர்கள்.

வேலை எடுப்பவரிடம் விலை கேட்கும்போது, ஆணியின் வகை, எண், நீளம் மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வேலை தொடங்கும் அன்று ஒரு பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள். நல்ல வேலைக்காரர் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார்.

ஏற்கெனவே கறுப்புக் கோடு இறங்கிவிட்டது. என்ன செய்வது?

முதலில் அது இரும்புக் கறைதானா என்று பாருங்கள். கடையில் ஆக்சாலிக் அமிலம் கலந்த மரவெளுப்பு கிடைக்கும். பெட்டியில் சொன்ன அளவில் வெந்நீரில் கரைத்து, கறையின்மேல் ஒரு சொட்டு வையுங்கள். சில நிமிடத்தில் கறுப்பு மறைந்தால் இரும்பு. மறையாவிட்டால் பூஞ்சையாக இருக்கலாம், அதற்கு வைத்தியம் வேறு. இரும்பு என்று தெரிந்தால் கோடு முழுவதும் பூசி, நன்றாகத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். இது நஞ்சு. கையுறை, கண்ணாடி கட்டாயம். செடிகளை மூடிவிடுங்கள்.

ஆனால் ஆணி அங்கேயே இருக்கும் வரை கோடு திரும்ப வரும். பத்து இருபது ஷிங்கிள் என்றால் அவற்றை மட்டும் எடுத்து ஆணியை மாற்றிவிடலாம். முழுச் சுவரும் அப்படியென்றால், அடர்த்தியான நிறப்பூச்சு கொஞ்ச காலம் மறைக்கும். அதற்குள் பணம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு ஷிங்கிளை மட்டும் எப்படி மாற்றுவது? மேல்வரிசை மூடியிருக்கிறதே?

பழையதை உளியால் நீளவாக்கில் பிளந்து துண்டு துண்டாக உருவிவிடுங்கள். ஆணிகள் உள்ளே நிற்கும். கூரை வேலைக்காரர்களிடம் நுனியில் கொக்கி உள்ள மெல்லிய தட்டைக் கம்பி இருக்கும். அதை மேல்வரிசைக்கு அடியில் நுழைத்து, ஆணியைக் கொக்கியில் மாட்டிக் கீழ்நோக்கி அடித்தால் ஆணி அறுந்து வந்துவிடும். அது இல்லாவிட்டால் ரம்பத்தின் வெறும் அலகைத் துணியில் சுற்றிப் பிடித்து உள்ளே விட்டு அறுக்கலாம், நேரம்தான் ஆகும்.

புதிய ஷிங்கிளை இடத்துக்குள் தள்ளுங்கள். பக்கத்து அடிவிளிம்புகளைவிடக் கால் அங்குலம் கீழே தொங்கும்படி நிறுத்துங்கள். இப்போது மேல்வரிசையின் அடிவிளிம்புக்கு ஒட்டிக் கீழே, ஓரங்களிலிருந்து முக்கால் அங்குலத்தில், இரண்டு வளையத்தண்டு ஸ்டெயின்லெஸ் ஆணியை மேல்நோக்கிச் சாய்வாக அடியுங்கள். தலை மட்டமானதும் ஒரு மரத்துண்டை ஷிங்கிளின் அடியில் வைத்து, கீழிருந்து மேலாகச் சுத்தியலால் தட்டுங்கள். கால் அங்குலம் ஏறி மற்றவற்றோடு கோடு சேரும்போது, சாய்வாக நின்ற ஆணிகள் நிமிர்ந்து, தலைகள் மேல்வரிசைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும்.